நவம்பர் 11: ‘பெங்கால்’ கப்பலையும் நினைவுகூர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதல் உலகப் போர் ஓய்ந்த நாளாக நவம்பர் 11-ஐ ஆண்டுதோறும் நினைவுகூருகிறோம். 1942-இல் அதே நாளில், இந்தியப் பெருங்கடலின் கொக்கோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே நடுக்கடலில், அன்றைய இந்தியக் கடற்படையின் ‘பெங்கால்’ என்ற சிறிய காவல் கப்பல் நிகழ்த்திய போரையும் தங்கள் நாளிதழ் நினைவுகூர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

சிட்னியில் கட்டப்பட்டு, அந்த ஆண்டுதான் பணியில் சேர்ந்த பெங்கால், ‘ஒண்டினா’ என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாக மேற்கு ஆஸ்திரேலியத் துறைமுகமான ஃபிரீமாண்டிலிலிருந்து இந்தியப் பெருங்கடல் தீவான டியாகோ கார்சியா நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. எதிரே வந்தவை ‘ஹோகோகு மாரு’, ‘ஐகோகு மாரு’ என்ற இரு ஜப்பானியப் போர்க்கப்பல்கள். வணிகக் கப்பல்களாக இருந்து போருக்கென மாற்றப்பட்ட அவை ஒவ்வொன்றும் 10,000 டன்னைத் தாண்டியவை. 14 சென்டிமீட்டர் பீரங்கிகள் பூண்டவை. பெங்காலிடம் இருந்ததோ ஒரே ஒரு 12 பவுண்டர் (ஏறத்தாழ 12 பவுண்டு எடையுள்ள குண்டைச் சுடும்) சிறு பீரங்கியும் சில இலகு துப்பாக்கிகளும்தான். ஆயினும் தளபதி வில்சன், ஒண்டினாவைத் தப்பிச் செல்லும்படி பணித்துவிட்டு, தம் கப்பலை எதிரியை நோக்கியே திருப்பினார். காவல் கப்பலின் கடமையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறொன்றை நான் அறியேன்.

ஒண்டினாவும் ஓடிவிடவில்லை, தன்னிடமிருந்த ஒற்றை 4 அங்குல பீரங்கியால் சுட்டது. ஹோகோகு மாரு தீப்பற்றி, வெடித்து மூழ்கியது. அதைத் தாக்கிய குண்டு தங்களுடையதே என்று பெங்கால், ஒண்டினா ஆகிய இரு தரப்பும் உரிமை கோரியதுண்டு. இங்கே பெங்காலின் பெயரை மட்டும் உயர்த்தி, ஒண்டினாவின் பீரங்கிப் படையினரை மறந்துவிடுவது நியாயமாகாது என்பதே என் கருத்து. குண்டுகள் தீர்ந்துகொண்டிருந்த நிலையில் பெங்கால் விலகிய பிறகு, முழுத் தாக்குதலையும் தாங்கியவர்கள் அவர்கள்தாம். கப்பலைக் கைவிடும் நேரத்தில் அவர்களுடைய கேப்டன் ஹோர்ஸ்மன் உயிரிழந்தார். உயிர்ப்படகுகளில் இறங்கியவர்கள் மீதும் இயந்திரத் துப்பாக்கிச் சூடு நடந்தது. எதிரி அகன்றதும், டார்பிடோ தாக்கிய அதே கப்பலில் மீண்டும் ஏறி, அதை ஃபிரீமாண்டிலுக்கே ஓட்டிச் சென்றார்கள்.

பெங்கால் பத்திரமாக டியாகோ கார்சியாவை அடைந்தது. விடுதலைக்குப் பின்னும் இந்தியக் கடற்படையில் பணியாற்றி, 1960-இல் உடைக்கப்பட்டது. கண்ணால் காண அந்தக் கப்பல் இன்று இல்லாத நிலையில், வரும் நவம்பரில் தங்கள் நாளிதழ் இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டால், அதில் பெங்காலோடு ஒண்டினாவின் பெயரும் இடம்பெற வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்