எங்கள் சீயானின் தண்டனையை நீக்குங்கள்

தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

எங்கள் சீயான், அதாவது தாத்தா, ஜெயிலுக்குப் போனது ஒரு பசுமாட்டால். தலைச்சன் ஈத்து, கன்று குறுக்கே கிடந்தது. விட்டுவிட்டு வர மனசு வராமல் அன்று ராத்திரி அவர் சாவடியில் படுக்கப் போகவில்லை. விடிந்ததும் பிடித்துக்கொண்டு போனார்கள். திருட்டு இல்லை, அடிதடி இல்லை. தன் வீட்டுத் தொழுவத்தில் விழித்திருந்ததுதான் குற்றம். அப்பத்தா இந்தக் கதையை எப்போது சொன்னாலும் "கன்னு பொழச்சிருச்சு" என்றுதான் முடிப்பார். சீயான் எத்தனை மாதம் உள்ளே இருந்தார் என்று கேட்டால் வெற்றிலையை மடிக்க ஆரம்பித்துவிடுவார்.

உசிலம்பட்டிப் பக்கம் அதை ரேகைச் சட்டம் என்போம். ஏட்டில் அதன் பெயர் குற்றப் பரம்பரையினர் சட்டம். 1871-இல் வடக்கே வந்தது, 1911-இல் புதுச் சட்டமாகிச் சென்னை மாகாணத்துக்கும் இறங்கியது. காவல் கூலி வாங்கி ஊரைக் காத்தவர்களின் பிழைப்பைப் புதுப் போலீஸ் பிடுங்கிக்கொண்ட பிறகு, அவர்களையே காவலில் வைக்க வந்த சட்டம். ஒரு சாதியையே குற்றப் பரம்பரை என்று அரசு அறிவித்தால், அந்த அறிவிப்பு செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாதென்று சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். கைரேகை வைத்துப் பதிவானவர் ராத்திரி சாவடியில் படுக்க வேண்டும், ஊர் விட்டு ஊர் போக ராதாரிச் சீட்டு என்ற அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அதற்கு அடுத்து வந்த 1924 சட்டத்தில் இன்னொரு பிரிவு உண்டு. பதிவானவர் ஓரிடத்தில் திருடச் சமயம் பார்த்து நின்றார் என்று நீதிமன்றத்துக்குத் தோன்றினால் போதும், மூன்று ஆண்டு வரை சிறை. களவு போன பொருள் வேண்டியதில்லை.

1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள் மீது போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். மாயாக்காள் அவர்களில் ஒருவர். மிஞ்சியவர்களை விலங்கிட்டுத் திருமங்கலத்துக்கு நடத்திப் போனார்கள். அந்த மக்களுக்காக நின்றவர் செங்கன்னூரிலிருந்து மதுரைக்கு வந்த வக்கீல் ஜார்ஜ் ஜோசப். அவரை ரோசாப்பு துரை என்று கூப்பிட்டு, பிள்ளைகளுக்கும் ரோசாப்பு என்று பேர் வைத்தார்கள். பெருங்காமநல்லூர் நினைவுத்தூணுக்கு மாலை போட உங்களில் பலர் வந்திருக்கிறீர்கள். அதில் குறை இல்லை.

நான் கேட்பது சுடப்பட்டவர்களுக்காக அல்ல, உள்ளே போனவர்களுக்காக. 1947-இல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. ஆனால் ஒரு சட்டம் நீங்கினால், அது இருந்தபோது கொடுத்த தண்டனை தானாக நீங்குவதில்லை. கணக்குப்படி எங்கள் சீயான் இன்றைக்கும் தண்டனை பெற்ற குற்றவாளி.

எங்கள் பக்கம் திருடனே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. திருடியவனைத் தண்டிக்க இந்தியத் தண்டனைச் சட்டம் 1860-லேயே இருந்தது. அந்தத் தீர்ப்புகளை நான் தொடச் சொல்லவில்லை. சாவடிக்கு வராதது, சீட்டில்லாமல் நடந்தது, 'திருடப் பார்த்தான்' என்று தோன்றியது. இந்த மூன்றுக்காக மட்டும் கொடுத்த தண்டனைகள் செல்லாது என்று ஒரு சட்டம் இயற்றுங்கள்.

செத்தவர்களுக்கு இது எதற்கு என்பீர்கள். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த பிரிட்டனிலேயே, கணினிப் பிழையால் திருடர்களாக்கப்பட்ட நூற்றுக்கணக்கான தபால் நிலையக்காரர்களின் தண்டனைகளை 2024-இல் ஒரே சட்டத்தில் நீக்கினார்கள். ஒவ்வொருவரையும் மேல்முறையீட்டுக்கு அலையவிடவில்லை. அதே 2024 அக்டோபரில் நம் உச்ச நீதிமன்றம், சிறை விதிகளில் சீர்மரபினரை, அதாவது அந்தச் சட்டம் குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்திய சமூகங்களை, பிறவிக் குற்றவாளிகளாகப் பார்க்கும் பழக்கத்தைக் கண்டித்தது. 1948-இலேயே வழக்கமாகக் குற்றம் செய்பவர்களுக்கென்று சென்னையில் வேறொரு கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். பழைய ஏட்டுக்குப் புது அட்டை போட நமக்கு எப்போதும் ஆள் உண்டு.

எங்கள் ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. இதை நம் சாதிப் பெருமைக் கூட்டமாக்கிவிடாதீர்கள். தமிழ்நாட்டின் சீர்மரபினர் பட்டியலில் 68 சமூகங்கள் இருக்கின்றன. கொடி பிடிக்க ஆளில்லாத குறவர் குடும்பங்களின் தாத்தாக்களும் அதே ரேகையைத்தான் வைத்தார்கள். இன்று ஊரில் ஒரு நகை காணாமல் போனால் போலீஸ் முதலில் தட்டுவது யார் வீட்டுக் கதவை என்று உங்களுக்கே தெரியும்.

சட்டத்தோடு இன்னொன்றும் செய்யுங்கள். பழைய காவல் நிலையங்களிலும் ஆவணக் காப்பகத்திலும் கிடக்கும் ரேகைப் பதிவேடுகளைத் தேடி எடுத்து, கேட்கும் குடும்பத்துக்கு அவரவர் பக்கத்தின் நகலைக் கொடுங்கள். எங்கள் வீட்டில் சீயானின் போட்டோ கிடையாது. அவர் உடம்பின் அடையாளம் எங்காவது மிஞ்சியிருந்தால் அது அந்த ஏட்டில் வைத்த கட்டைவிரல் ரேகைதான். நகல் எடுக்கக் காசு கட்டணும் என்றால் கட்டிவிடுகிறோம்.

இப்படிக்கு,
உசிலம்பட்டி வட்டாரத்துப் பேரன் ஒருவன்