யோசெபோவ் நடைப்பயணம்: ஞாயிறு காலை 9.30

அனைவருக்கும் வணக்கம். பிராக் நகரின் பழைய யூதக் குடியிருப்பான யோசெபோவை வழிகாட்டியுடன் நடந்து பார்க்கும் நமது நிகழ்வு, சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாளாகையால் அங்குள்ள நினைவிடங்கள் மூடியிருக்கும் என்பதால், ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றப்பட்டுள்ளது. 13ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டு இன்றும் வழிபாடு நடைபெறும் ‘பழைய-புதிய’ ஜெப ஆலயத்தின் வாசலில் கூடுவோம். உள்ளே ஆண்கள் தலையை மூடியிருக்க வேண்டுமாதலால் தொப்பி கொண்டுவரவும். அருகிலுள்ள யூத நகர மன்றத்தில், எபிரேய எழுத்துகளை எண்களாகக் கொண்ட கடிகாரத்தின் முட்கள் இடஞ்சுழியாக ஓடுவதையும் காணலாம்.

பின்காஸ் ஜெப ஆலயத்துக்கே அதிக நேரம் ஒதுக்கியுள்ளோம். நாஜிகளின் இன அழிப்புக்கு இரையான, இன்றைய செக் நாட்டின் பகுதிகளான பொஹீமியா, மொராவியாவைச் சேர்ந்த யூதர்கள் ஏறத்தாழ 78,000 பேரின் பெயர்கள், குடும்பப் பெயர்கள் சிவப்பு நிறத்தில் தனித்துத் தெரியும்படி, அதன் சுவர்களில் ஊர்வாரியாகக் கையால் எழுதப்பட்டுள்ளன. அங்கே கைப்பேசிகளை அணைத்துவைக்கவும். அடுத்துள்ள இடுகாட்டில் 1787 வரை, இடமின்மையால் அடுக்கின்மேல் அடுக்காகப் புதைத்ததால், கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நெருக்கியடித்து நிற்கின்றன. 1609இல் மறைந்த யூத மதகுரு ரபி லோவின் கல்லறையும் அங்கேதான் உள்ளது.

பழைய சந்துகளை எதிர்பார்ப்பவர்கள் சற்று ஏமாறக்கூடும். 1890களில் தொடங்கிய இடிப்பில் அவற்றில் பெரும்பகுதி மறைந்துவிட்டது.

வர விரும்புவோர் வெள்ளிக்கிழமைக்குள் இங்கேயே பெயர் பதியவும்.