அருங்காட்சியகக் குறிப்பு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

அண்மையில் ஓர் அருங்காட்சியகத்தின் சிந்துவெளிப் பிரிவைச் சுற்றி வந்தேன். எடைக்கற்களுக்கு என்ன கல், எத்தனை கிராம் என்றெல்லாம் எழுதியிருந்தது. பக்கத்துப் பெட்டியில் மொகஞ்சதாரோவின் சுடுமண் பெண்ணுருவம். அதற்கு இரண்டே சொல்: 'தாய்த் தெய்வம்'.

குனிந்து பார்த்தால் எவ்வளவு இருக்கிறது! முழுக்கக் கையால் செய்தது. மூக்கு, ஈர மண்ணைக் கிள்ளி எடுத்தது. கண்ணுக்கு மண் உருண்டை. கழுத்து மாலைகளும் இடுப்பணியும் தனித்தனியாக உருட்டி ஒட்டியவை. தலையில் விசிறிபோல் விரிந்த அணி, அதன் இரு புறமும் கிண்ணம்போல் ஒரு குழிவு. இத்தகைய உருவங்கள் சிலவற்றில் அந்தக் குழிவில் கரி படிந்திருக்கிறது. எண்ணெயோ சாம்பிராணியோ எரித்திருக்கலாம் என்பது அகழாய்ந்தவர்களின் ஊகம். சுமார் 4,500 ஆண்டுப் பழைய கரி, அதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாதா?

'தாய்த் தெய்வம்' என்ற பெயர் பரவியதில் தொல்லியல் அறிஞர் ஜான் மார்ஷல் 1931இல் வெளியிட்ட மொகஞ்சதாரோ அகழாய்வு அறிக்கைக்குப் பெரும் பங்கு உண்டு. மேற்காசிய உருவங்களையும் நம் கிராம தேவதைகளையும் சேர்த்துப் பார்த்து அவர் அந்த முடிவுக்கு வந்தார். சரி, அது அவருடைய விளக்கம். அதையே பொருளின் பெயராக்கியது நாம்தான். இவை பெரும்பாலும் உடைந்து, வீட்டு இடிபாடுகளிலும் குப்பையிலும் கிடைத்தவை. கோயில் என்று ஐயமின்றிச் சொல்லக்கூடிய கட்டடம் அங்கே இல்லை. எழுத்தும் இன்னும் படிக்கப்படவில்லை. கையில் குழந்தையோடு இருப்பவையும் சிலவே. அதே மண்ணில் செய்த காளைகள் ஏராளம்; அவற்றுக்கு மட்டும் 'காளை' என்று எழுதிவிட்டுப் போகிறீர்கள்.

தெய்வமே இல்லை என்று சாதிக்க வரவில்லை. ஆனால் நம் ஊர் அய்யனார் கோயில்களில் வேளார் எனப்படும் குயவர்கள் செய்து தரும் மண் மதலைகளை, அதாவது குழந்தை உருவங்களை, பார்த்திருப்பீர்கள். பிள்ளை வரத்துக்கு நேர்ந்துகொண்டு வைப்பது. யாரும் அதைச் சாமி என்று கும்பிடுவதில்லை. வெயிலிலும் மழையிலும் உடைந்து கிடக்கும். சிந்துவெளிப் பெண்ணும் நேர்ச்சைப் பொருளாக இருந்திருக்கலாம், விளையாட்டுப் பொம்மையாகவும் இருந்திருக்கலாம்.

ஆகவே முதல் வரியில் 'பெண்ணுருவம், சுடுமண், கையால் செய்தது' என்று எழுதுங்கள். 'தாய்த் தெய்வமாகச் சிலர் கருதுகின்றனர்' என்பது அப்புறம் வரட்டும். கூடவே இன்னொன்று: பெட்டியின் விளக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் மாற்றி வையுங்கள். இப்போது தலையணியின் நிழலில் அந்தக் கிண்ணங்களுக்குள் எதுவும் தெரியவில்லை.

இப்படிக்கு,
கண்ணாடியில் மூக்கு இடித்துக்கொண்ட ஒரு பார்வையாளன்