மைக்கை அவனிடமே கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் தம்பிக்கு 28 வயது, டவுன் சின்ட்ரோம், அதாவது பிறவியிலேயே வரும், கற்றுக்கொள்வதை மெதுவாக்கும் ஒரு மரபணு நிலை. சமீபத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான குறைதீர் கூட்டம் ஒன்றுக்கு அம்மாவும் நானும் அவனோடு போயிருந்தோம். மைக் எங்கள் வரிசைக்கு வந்ததும் அவன் எழுந்து கையை நீட்டினான். "நீ உட்காருப்பா, அம்மா பேசுவாங்க" என்று மைக்கை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்கள். அம்மா உதவித்தொகையை உயர்த்தச் சொல்லிப் பேசினார், நியாயமான கோரிக்கைதான், கைதட்டலும் கிடைத்தது.

ராத்திரி சாப்பிடும்போதுதான், என்னடா பேச எழுந்தே என்று கேட்டேன். பஸ்ஸில் தனியாகப் போனால் "துணைக்கு யாரும் வரலையா" என்று கண்டக்டர் எல்லார் முன்னாலும் கேட்கிறாராம், அப்படிக் கேட்கக் கூடாது என்று சொல்லணுமாம். ஒன்றரை வருடமாகப் பயிற்சி மையத்துக்குத் தனியாகப் போய் வருகிறவன் அவன். இப்படியொரு குறை அவனுக்கு இருப்பதே எனக்கும் அம்மாவுக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 13-வது பிரிவு, மற்ற எல்லாரையும் போல இவர்களும் சொத்து வைத்துக்கொள்ளலாம், தங்கள் பணத்தைத் தாங்களே கையாளலாம் என்கிறது. காப்பாளர் (கார்டியன்) தேவைப்படும் இடத்திலும், குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும், அதுவும் மாற்றுத்திறனாளியின் விருப்பப்படி, அவரும் காப்பாளரும் சேர்ந்தே முடிவெடுக்க வேண்டும் என்பது 14-வது பிரிவு. சரி, ஒரு வங்கியில் என்ன நடந்தது தெரியுமா? தம்பி கையெழுத்துப் போட அரை நிமிஷம் ஆகும், கடைசிப் புள்ளியை இரண்டு தடவை அழுத்தி வைப்பான். அவன் அந்தப் புள்ளிக்கு வருவதற்குள் கவுண்டரில் இருந்தவர் என்னைப் பார்த்து "கார்டியன் சர்டிபிகேட் இருக்கா மேடம்?" என்றார். கணக்கு அவன் பெயரில், பணம் அவனுடையது, கேள்வி மட்டும் எனக்கு! கோபத்தை விடுங்கள், நானும் பல வருடம் டாக்டரிடம் அவனுக்குப் பதிலாக "இவனுக்கு வயிறு வலிக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தவள்தான்.

உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளைத் தேர்தல் இல்லாமல் நியமன உறுப்பினராக்கும் சட்டத் திருத்தங்கள் 2025 ஏப்ரலில் நம் சட்டப்பேரவையில் நிறைவேறின. ரொம்ப நல்ல காரியம். ஆனால் ஆட்டிசம், டவுன் சின்ட்ரோம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் அந்த நாற்காலியில் இடம் உண்டா, இல்லை அங்கேயும் "அம்மா பேசுவாங்க" தானா? அவர்களை நியமிப்பதென்றால் கூட்டத்தில் பேசப்போகும் விஷயங்களைப் படங்களோடு எளிய தமிழில் முன்கூட்டியே கொடுக்க வேண்டும், அவர்களே தேர்ந்தெடுத்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்க அனுமதி வேண்டும், அப்புறம் பேசி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். இதற்கெல்லாம் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

இதை அனுப்பும் முன் அவனுக்கு வாசித்துக் காட்டினேன். கண்டக்டர் விஷயம் கட்டாயம் வரணும், பெயர் வேண்டாம் என்றான். அதனால் போடவில்லை.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா