கடற்பரப்பு அறிக்கை நம் லயன் வீடுகளுக்கும்தான்

அன்பான பெற்றோர்களுக்கு,

இலங்கைக்குத் தென்கிழக்கே வங்காள விரிகுடாவில் உள்ள தாழமுக்கம் வலுவடைந்து கிழக்குக் கரையை நோக்கி நகர்கிறது. மழை பிடிப்பதற்குள் உங்கள் கைக்குக் கிடைக்க வேண்டும் என்பதால் இக்கடிதத்தை இன்றே பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புகிறேன். வீட்டில் உள்ள தாத்தா, பாட்டிக்குப் பிள்ளையை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் மலைக்கு வேலைக்குப் போனபின் பகலில் வீட்டில் இருப்பவர்கள் அவர்கள்தான்.

தரம் 10 மாணவர்களின் திருகோணமலைச் சுற்றுலா ஒத்திவைக்கப்படுகிறது. "அங்கே வெயில் அடிக்கிறதாமே" என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். புயல் பல நூறு கிலோமீற்றர் தள்ளி இருக்கும்போதே அது கிளப்பிய நீண்ட அலைகள் அதற்கு முன்னால் கரைக்கு வந்துவிடும். வானம் நீலமாக இருக்கும், கடலும் சிறிது நேரம் அடங்கியிருக்கும். பிறகு நான்கைந்து பெரிய அலைகள் அடுத்தடுத்து வந்து கரையில் நிற்பவரை இழுத்துவிடும். கடல் பழகாத நம் பிள்ளைகளை அந்த நேரத்தில் அங்கே நிறுத்த முடியாது. கட்டிய பணத்தை வகுப்பாசிரியரிடம் திரும்பப் பெறலாம்.

வானொலியில் காங்கேசன்துறை, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் என்று கடற்பரப்புகளின் பெயர் வாசிக்கும்போது பலர் வேறு அலைவரிசைக்கு மாற்றிவிடுகிறோம். மீனவருக்கான அந்தச் செய்திதான் நமக்கு வரப்போகும் மழையின் முதல் தகவல். இரண்டு விடயங்களைக் கவனியுங்கள்: புயலின் மையம் எங்கே, காற்று எந்தத் திசையிலிருந்து. மையம் கிழக்குக் கடலில் இருக்கும்வரை காற்று வடக்கு, வடகிழக்கிலிருந்து வீசும். கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் அந்தக் காற்று மலையில் ஏறிக் குளிர்ந்து பதுளை, வலப்பனை, இராகலைப் பக்கங்களில் கொட்டும். நாம் இருப்பது அந்தச் சரிவில். மையம் வடக்கே நகர்ந்ததும் காற்று மேற்கிலிருந்து திரும்பி வீசும். அப்போது ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் மழை கூடும். அங்கே உறவினர் இருந்தால், "புயல் போய்விட்டது" என்ற பேச்சைக் கேட்டு அவர்கள் அசட்டையாக இருந்துவிடாதபடி சொல்லிவையுங்கள்.

காற்று மணிக்கு 62 கிலோமீற்றரை எட்டினால்தான் சூறாவளி என்ற பெயர் கிடைக்கும். மழைக்கு அந்தக் கணக்குக் கிடையாது. மெதுவாக நகரும் சாதாரணத் தாழமுக்கமும் ஒரே இடத்தில் நின்று நாள்கணக்கில் பெய்யும். ஆகவே பெயரைவிட மழையின் அளவைப் பாருங்கள். மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கில் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை விழிப்பாக இருக்க வேண்டிய அளவு, 100 வெளியேற ஆயத்தமாக வேண்டிய அளவு, 150 வெளியேற வேண்டிய அளவு. ஒரு மணி நேரத்தில் 75 கொட்டினாலும் வெளியேற வேண்டும். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று அறிவிப்பது இந்தப் படிகளைத்தான்.

மழை தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். அளவு நிலையம் நம் மலையில் இல்லை. அதனால் வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள். பக்கம் நேராக உள்ள ஒன்றரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தலைத் தோள் வளையும் இடத்தில் வெட்டி, வெட்டிய மேல்பகுதியை மூடியில்லாமல் தலைகீழாகப் புனல்போல் செருகுங்கள். அடி மேடும் பள்ளமுமாக இருப்பதால் சிறுகற்களைப் போட்டு, கற்கள் மூழ்கி நேர்ப்பகுதி தொடங்கும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். அந்த மட்டம்தான் பூச்சியம். அங்கிருந்து மேல்நோக்கி அடிமட்டத்தை (அளவுகோலை) ஒட்டினால் ஒரு மில்லிமீற்றர் உயர்வு ஒரு மில்லிமீற்றர் மழை. கூரைத் தண்ணீரும் மரத் தண்ணீரும் விழாத திறந்த இடத்தில், காற்றில் சாயாதபடி நான்கு கல் அணைத்து வையுங்கள். தரம் 8க்கு மேற்பட்ட பிள்ளைகள் வகுப்பில் இதைச் செய்து பழகியிருக்கிறார்கள். காலை எட்டரைக்கும் மாலை ஐந்துக்கும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்று வெளிச்சம் இருக்கும்போதே லயனின் பின்பக்கம் தண்ணீர் ஓடும் கானைத் துப்புரவு செய்யுங்கள். கான் அடைத்தால் தண்ணீர் ஓட வழியின்றி மண்மேட்டுக்குள் இறங்கும். ஊறிய மண்ணுக்குப் பாரம் கூடும், உள்ளே நீரின் அழுத்தம் ஏறி மண்ணின் பிடி விடும். நிலத்தில் வெடிப்பு இருந்தால் களிமண்ணால் அடைத்து மேலே பொலித்தீன் விரியுங்கள், கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லுங்கள். மழை பிடித்தபின் மண்வெட்டியோடு மேட்டடிக்குப் போக வேண்டாம். கூரைத் தகரத்தின் மேல் பாரத்துக்கு வைத்த கற்கள் காற்றில் உருண்டு இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) விழும். அவற்றை இறக்கிவிட்டுத் தகரத்தைக் கம்பியால் கட்டுங்கள்.

போத்தலில் 100 காட்டினால் 150 வரை காத்திருக்காமல் பொழுது சாயும்முன் வெளியேறுங்கள். இருட்டிலும் பனிமூட்டத்திலும் வெடிப்பும் தெரியாது, பாதையும் தெரியாது. சில அடையாளங்களைக் கண்டால் போத்தலையும் பார்க்க வேண்டாம், அறிவிப்புக்கும் காத்திருக்க வேண்டாம்: மலையூற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் திடீரெனக் கலங்குவது, தண்ணீரே இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புவது, கதவு நிலையில் இறுகுவது, மரமும் மின்கம்பமும் சாய்வது, மேலிருந்து உறுமல் கேட்பது. மழை பெய்துகொண்டிருக்க ஓடை வற்றினால் அதுதான் ஆகப் பொல்லாதது. மேலே மண் சரிந்து ஓடையை அடைத்திருக்கலாம். அது உடைந்தால் கல்லும் மரமும் சேர்ந்து இறங்கும். மண் இறங்குவது தெரிந்தால் அதன் வழியில் கீழ்நோக்கி ஓடாமல் பக்கவாட்டில் ஓடுங்கள்.

நம் மாவட்டத்தின் மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை மண்சரிவில் லயன்கள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்கு முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. மாடு, கோழி, சாமானை விட்டுப் போக மனம் வராது என்பது எனக்குத் தெரியும். பிள்ளைகளையும் முதியவர்களையுமாவது முதலில் அனுப்பிவிடுங்கள்.

பையில் வைக்க வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதிப் பத்திரங்கள், கிளினிக் கொப்பி, மூன்று நாள் மருந்து, டோர்ச், ஒரு மாற்றுடுப்பு. காகிதங்களை இரண்டு பொலித்தீன் பைகளில் சுற்றுங்கள். புத்தகம் நனைந்தால் பிள்ளையை யாரும் ஏசமாட்டோம். மழைக்குப் பின் பீலித் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள்.

மழை விட்டதும் வீடு திரும்ப வேண்டாம். ஊறிய மேடு வெயில் வந்தபின்னும் சரியும். அதிகாரிகள் பார்த்துச் சொன்னபின் போகலாம்.

செம்மஞ்சள் அறிவிப்பு வந்த நாளிலிருந்து மாலை வகுப்புகள் இல்லை. பாடசாலை நேரத்தில் மழை வலுத்தால் பிள்ளைகளைத் தனியே அனுப்பமாட்டோம். நீங்களோ, நீங்கள் எழுதிக் கொடுத்த ஒருவரோ வந்து கையொப்பமிட்டு அழைத்துச் செல்ல வேண்டும். மதகுக்கு மேலால் தண்ணீர் ஓடினால் வரவேண்டாம். எத்தனை மணியானாலும் ஆசிரியர்கள் பிள்ளைகளோடு இருப்போம்.

அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அம்புலன்ஸ் 1990. இரண்டையும் கதவின் உட்புறத்தில் பெரிதாக எழுதிவையுங்கள். கீழுள்ள துண்டில் உங்கள் லயன் இலக்கத்தையும், வெளியேறினால் எங்கே தங்குவீர்கள் என்பதையும் எழுதி நாளைக் காலை பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
அதிபர்