வாழைநார் கூடையோடு நின்றுவிடக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாழைநாரில் கூடையும் பையும் முடையும் பெண்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மகிழ்ச்சி. ஆனால் அந்த நாரால் அதற்கு மேலும் முடியும். ரெசின் என்னும் பிசினோடு சேர்த்து அச்சில் அழுத்தினால் கதவுப் பலகை, காரின் உள்பக்கத் தகடு என்று ஆகிவிடும். வாழை இனத்தைச் சேர்ந்த அபாகாவின் நாரை மெர்சிடிஸ் நிறுவனம் 2005 வாக்கிலேயே ஏ-கிளாஸ் காரில், உதிரிச் சக்கரக் குழியின் அடிமூடிக்குப் பயன்படுத்தியது. இப்படிப்பட்ட பாகங்களில் சேர்க்கும் கண்ணாடி இழையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.5 கிராம், வாழைநாருக்கு 1.35 கிராம்தான். அதனால் பாகத்தின் எடை குறையும். வலிமையில் கண்ணாடி இழைக்கு ஈடாகாது என்பதும் உண்மை. அதனால் பெரிய பாரம் தாங்காத பாகங்களுக்கே இது சரி.

ஈரம்தான் இதற்கு எதிரி. தண்ணீரை இழுத்து உப்பிவிடும், பிசினும் ஒட்டாது. காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைத்து, அலசி, நன்றாகக் காயவைத்தால் மேலிருக்கும் மெழுகு போய்ப் பிசின் பிடிக்கும். நெல் கொட்டிவைக்கும் குதிர் வெடிக்காமல் இருக்க மண்ணோடு வைக்கோலைச் சேர்த்து மிதித்த ஊர்க்காரர்களுக்கு, நாரைக் கலந்து வலுவாக்கும் இந்தச் சூத்திரம் புதிதல்ல.

திருவையாறு பக்கம் தார் வெட்டியதும் மரத்தையும் சாய்த்துவிடுகிறோம். தண்டு கொஞ்சம் சமையலுக்கு, நார் கொஞ்சம் பூக்கட்டப் போகும். மிச்சம் வாய்க்கால் கரையில் கிடந்து அழுகும், சில இடங்களில் வாய்க்காலையே அடைக்கும். அள்ளிப் போட ஆள்கூலி வேறு.

மரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். லாரியில் ஏற்றினால் தண்ணீருக்குத்தான் வாடகை கொடுப்போம். ஆகவே இயந்திரம் வயலுக்கு வர வேண்டும். வேளாண் பொறியியல் துறை அறுவடை இயந்திரத்தை வாடகைக்கு விடுவதுபோல நார் பிரிக்கும் இயந்திரத்தையும் விடட்டும். நார் போக மிஞ்சும் சக்கை வயலுக்கே உரமாகும்.

அப்புறம், ஐப்பசி கார்த்திகை மழையில் நாரை எங்கே காயவைப்பது? ஊருக்கு ஒரு உலர்த்தும் கொட்டகை அவசியம். வெளிப்பட்டை நார் முரடு, உள்பட்டை நார் மென்மை. இரண்டையும் கலந்து கட்டினால் எந்தக் கம்பெனியும் வாங்காது. தரம் பிரிக்கக் கற்றுத்தரத் திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பிரித்த நாரை எடைபோட்டு வாங்க, திருவையாற்றிலோ பாபநாசத்திலோ ஒரு கொள்முதல் நிலையத்தை அரசு இந்த ஆண்டே திறக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாழை விவசாயி,
திருவையாறு வட்டம்