தம்பி மகளின் இரண்டாவது பெண்ணுக்கு

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்தது. தம்பி மகளுக்கு இரண்டாவதும் பெண், தாயும் சேயும் நலம் என்று படித்ததில் மனசு நிறைந்தது. மாப்பிள்ளைக்குக் கூலி வேலை, அரசு உதவி என்னென்ன கிடைக்கும் என்று கேட்டிருந்தாய். இருக்கிறது. சிலவற்றுக்கு இப்போதே ஓட வேண்டும், சிலவற்றுக்கு வருஷக்கணக்கில் அவகாசம் உண்டு.

முதலில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி. மொத்தம் 18,000 ரூபாய். அதில் 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகமாகப் போய்விடும், கையில் வருவது 14,000. கர்ப்பத்தின் நான்காம் மாதம் 6,000, குழந்தைக்கு நான்காம் மாதம் 6,000, ஒன்பதாம் மாதம் 2,000. அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம், கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் தரும் பிக்மி எண்ணையும் அப்போதே வாங்கியாயிற்று என்று எழுதியிருக்கிறாய், நல்லது. மீதித் தவணைகள் தடுப்பூசியைப் பொறுத்தவை. 6, 10, 14 வாரங்களில் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசி, ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா. போட்டால் மட்டும் போதாது, கிராம சுகாதார செவிலியர் அதைக் கணினியில் ஏற்றியிருக்க வேண்டும். தனியார் கிளினிக்கில் போட்டுவிட்டுப் பணம் வரவில்லையே என்று காத்திருப்பவர்கள் நிறைய. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போடச் சொல்.

பணம் ஏற்றியாயிற்று என்பார்கள், பாஸ்புக்கில் இருக்காது. ஆதார் வழியாக வரும் பணம், ஆதாரோடு கடைசியாக எந்த வங்கிக் கணக்கை இணைத்தோமோ அங்கேதான் விழும். சுய உதவிக் குழுவுக்கென்று வேறு வங்கியில் கணக்கு திறந்திருந்தால் அங்கே போய்க் கிடக்கலாம். எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று இ-சேவை மையத்திலோ வங்கியிலோ பார்த்துவிடச் சொல். ஆதாரில் அப்பா இனிஷியல், ரேஷன் கார்டில் கணவர் பெயர் என்று கிடந்தால் அதையும் இப்போதே சரிசெய்துவிடட்டும்.

பெரிய தொகை முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தில் இருக்கிறது. 1992-இல் தொடங்கியது. ஒரே பெண் என்றால் 50,000, இரண்டும் பெண் என்றால் ஆளுக்கு 25,000. கையில் தரமாட்டார்கள், தமிழ்நாடு மின்விசை நிதி நிறுவனத்தில் குழந்தை பெயரில் வைப்பாகப் போடுவார்கள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். ஆறாம் வருஷத்திலிருந்து படிப்புச் செலவுக்கு ஆண்டுக்கு 1,800 வரும். பதினெட்டு முடிந்ததும் வட்டியோடு முதிர்வுத் தொகை. அதற்குப் பெண் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதியிருக்க வேண்டும்.

நிபந்தனைகளைக் கவனமாகப் படி. இரண்டாவது குழந்தைக்கு மூன்று வயது ஆவதற்குள் விண்ணப்பம் போக வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள். ஆண் குழந்தை இருக்கக் கூடாது, தத்து எடுக்கவும் கூடாது. தாய் தகப்பனில் ஒருவர் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சை செய்திருக்க வேண்டும், அதற்கு வயது வரம்பும் உண்டு.

இந்தக் கடைசி நிபந்தனையில்தான் எனக்கு மனசு கேட்கவில்லை. பணத்துக்காக அந்தப் பெண்ணைப் பிரசவ வார்டிலிருந்தே அவசரப்படுத்துவார்கள். மூன்று வருஷ அவகாசம் இருக்கும்போது அவசரம் எதற்கு? முடிவு அவர்கள் இருவருடையது. 'ஒருவர்' என்றுதான் விதி சொல்கிறது, அது அவளாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஆண்களுக்கான வாசக்டமி சின்ன சிகிச்சை, வயிற்றைத் திறக்கும் வேலை கிடையாது. மாப்பிள்ளையிடம் நீயே உட்கார்ந்து பேசு, நீ சொன்னால் கேட்பார்.

முடிவெடுத்த பிறகு சான்றிதழ் வேலை. அறுவைச் சிகிச்சைச் சான்று, இரண்டு குழந்தைகளின் பிறப்புச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, ஆண் குழந்தை இல்லை என்ற சான்று, குடும்பப் புகைப்படம். வருவாய்த் துறைச் சான்றுகள் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாலுகா அலுவலகம் என்று படியேறி வருவதால் தாமதமாகும். மூன்றாம் பிறந்தநாளுக்கு ஒரு மாதம் முன்புதான் ஆரம்பித்தால் கெடு தவறிவிடும்; ஆறு மாதமாவது கையில் இருக்கட்டும். விண்ணப்பம் இ-சேவை வழியாகவோ ஒன்றியத்தில் இருக்கும் சமூகநல விரிவாக்க அலுவலரிடமோ போகும்.

பிறப்புச் சான்றில் சின்னவள் பெயரை ஒரு வருஷத்துக்குள் சேர்த்துவிடுங்கள், அதுவரை கட்டணமில்லை. பெரியவள் பெயர் எழுதியிருக்கும் முறையிலேயே, தகப்பனார் பெயரின் எழுத்து மாறாமல் இதிலும் இருக்கட்டும்.

வைப்புப் பத்திரம் வந்தால் இரண்டு நகல் எடுத்து ஒன்றை நீ வைத்துக்கொள். முதிர்வின்போது அசலைக் கேட்பார்கள். வீடு மாறினால் சமூகநல அலுவலகத்தில் முகவரியையும் மாற்ற வேண்டும்.

செல்வமகள் சேமிப்புக் கணக்கு பற்றியும் கேட்டிருந்தாய். தபால் நிலையத்தில் 250 ரூபாய் போட்டுத் திறக்கலாம், பத்து வயது வரை சமயமிருக்கிறது. நல்ல வட்டிதான், ஆனால் பதினைந்து வருஷம் கட்ட வேண்டும், ஒரு வருஷம் விட்டால் 50 ரூபாய் அபராதம். கடன் இருக்கும் வீடு முதலில் கடனை அடைக்கட்டும்.

வங்கி இணைப்பைப் பார்த்ததும் எனக்கு எழுது. வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கோவிந்தன்